600 ரூபாய்க்கு இரண்டு நாள்: நிலத்தைப் பற்றிய கூட்டத்துக்குப் போய் வந்தேன்

பத்திர எழுத்தர் அலுவலகம் ஒன்றில் 14 வருடமாக வேலை செய்கிறேன். தினமும் என் கைக்கு வந்துபோவது நிலம்தான், ஆனால் காகிதமாக வந்து காகிதமாகவே போய்விடும். நான்கு எல்லையைச் சொல்லும் செக்குபந்தி எழுதுவேன், பரப்பளவைச் சொல்லும் விஸ்தீரணம் எழுதுவேன், தாய்ப்பத்திரத்தில் இருக்கும் பழைய வாசகத்தை ஒரு எழுத்து மாறாமல் எடுத்துப் போடுவேன். அந்த வாசகம் ஏன் அப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. அதனால்தான் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து நிலப் பொருளாதாரத்தையும் நகர வரலாற்றையும் பற்றி இரண்டு நாள் கூட்டம், கட்டணம் 600 ரூபாய், மாணவர்களுக்கு 200 என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்ததும் யோசிக்காமல் பணம் கட்டினேன். என் அனுபவத்தைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். இந்த மாதிரிக் கூட்டங்கள் தமிழில் அதிகம் நடப்பதில்லை, நடந்தாலும் அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

முதலில் ஏற்பாடு பற்றி. கிண்டி பக்கம் ஒரு சிறிய அரங்கம், மெட்ரோவிலிருந்து நடந்தே போய்விடலாம். 120 பேர் உட்காரலாம், முதல் நாள் காலையிலேயே நிரம்பிவிட்டது. ஒலிபெருக்கி நன்றாக இருந்தது. மதியம் சாம்பார் சாதம், தயிர் சாதம், ஒரு பொரியல். எளிமையான சாப்பாடு, ஆனால் சூடாக இருந்தது. ஆன்லைனில் பணம் கட்டியபோது எனக்கு இரண்டு முறை பிடித்துவிட்டார்கள், போன் செய்து சொன்னதும் மூன்றாம் நாள் திருப்பி அனுப்பினார்கள். இவ்வளவு போதும், நான் எழுத வந்தது வேறு.

அழைத்து வந்த பேச்சாளர்களை இவர்கள் எப்படி அறிமுகம் செய்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கூட்டத்தின் உயிர். நான் போன பெரும்பாலான கூட்டங்களில் அறிமுகம் என்றால் படிப்பு, பதவி, விருது, போன நாடுகள், அப்புறம் ஒரு பொன்னாடை. இங்கே முதல் நாள் அறிமுகம் செய்த பெண் ஒரு நூலகர் என்று பிறகு தெரிந்தது. பேச வருகிறவர்கள் ஒவ்வொருவரையும் முன்கூட்டியே அவரவர் இடத்துக்கே போய்ப் பார்த்துப் பேசியிருக்கிறார். அந்த உழைப்பு மேடையில் தெரிந்தது.

முதல் பேச்சாளர் ஓய்வு பெற்ற சர்வேயர். நூலகர் அவருடைய பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஒரு துணிப்பையிலிருந்து இரும்புச் சங்கிலியை எடுத்தார். ஒரு முனையை முதல் வரிசையில் இருந்த ஒரு மாணவி கையில் கொடுத்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே பின்பக்கம் நடந்தார். சங்கிலி கதவைத் தாண்டி வராந்தாவுக்குப் போனது. "66 அடி, 100 கண்ணி. கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்குத் தெரியும், பிட்ச் 22 கஜம், அது இந்தச் சங்கிலியின் நீளம்தான். ஒரு சங்கிலிக்கு ஒரு சங்கிலி சதுரம் போட்டால் 10 சென்ட். அப்படிப் பத்துச் சதுரம் ஓர் ஏக்கர். ஐயா இதைத் தோளில் போட்டுக்கொண்டு 31 வருடம் நடந்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது என்று சொன்னால் மிகையில்லை. ஒரு சென்ட் என்றால் 435.6 சதுர அடி என்று ஆயிரம் முறை எழுதியிருப்பேன். அந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. 66-ஐ 66-ஆல் பெருக்கினால் 4,356, அதில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி என்பது வேறு வழியில் வந்த அளவு, நம் ஊர் மனைக் கணக்கு, 24 மனை சேர்ந்தால் ஒரு காணி. சங்கிலியில் வந்த சென்ட்டும் காணியில் வந்த மனையும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாததால்தான் ஒரு கிரவுண்ட் 5.51 சென்ட் என்று உதிரியாக நிற்கிறது. பத்திரத்தில் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிற எனக்கு இது இரண்டு உலகம் ஒரே வரியில் இருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஐயா பேசியது 40 நிமிடம், பேப்பர் எதுவும் பார்க்கவில்லை. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி வில்லியம் லாம்டன் பரங்கிமலை அடிவாரத்தில் ஒரு நேர்க்கோட்டை அளக்க ஆரம்பித்ததையும், இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய சர்வே அந்தக் கோட்டிலிருந்துதான் கிளம்பியது என்பதையும் சொன்னார். ஏறக்குறைய ஏழரை மைல், 57 நாள் வேலை. லாம்டன் கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய் அவர்கள் ஏற்காததால் சுற்றி வளைத்து இங்கே வந்து சேர்ந்த ஒன்று. வெயிலில் இரும்பு நீளும் என்பதால் அதைக் கூடாரத்துக்குள் வைத்து அளந்தார்களாம். அப்புறம் தன் வேலைக்கு வந்தார். "சங்கிலி தொய்ஞ்சா கணக்குல நிலம் கூடிடும். பழைய சங்கிலி இழுபட்டு நீண்டுட்டா கணக்குல குறைஞ்சிடும். ரெண்டுலயும் நிலம் அங்கயேதான் இருக்கும், சண்டை மட்டும் வீட்டுக்கு வரும்." நான் பார்க்கும் எல்லைத் தகராறுகளில் பாதி இதுதான்.

தேநீர் இடைவேளையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் அலுவலகத்துக்கு 1930-களின் பத்திரம் ஒன்றோடு ஒரு அம்மா வந்திருந்தார். அதில் சர்வே எண் கிடையாது, பைமாஷ் நம்பர் மட்டும். அதைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, பைமாஷுன்னா பாரசீகத்துல அளக்குறதுன்னுதான் அர்த்தம், அது கயிறும் கோலும் வெச்சு அளந்த காலத்து எண். உங்க ஊர் ஜமீனா, இனாமா, ரயத்துவாரியா, அதை முதல்ல பாருங்க" என்றார். ஜமீன்தார் வசம் இருந்தது ஜமீன், கொடையாக விட்டது இனாம், உழவர் நேராக அரசுக்கு வரி கட்டியது ரயத்துவாரி. ஜமீன், இனாம் கிராமங்கள் பலவற்றில் 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கும் அதற்குப் பிறகு வந்த இனாம் ஒழிப்புச் சட்டங்களுக்கும் அப்புறம்தான் முறையான சர்வேயும், உரிமையையும் வரியையும் முடிவு செய்யும் செட்டில்மெண்டும் நடந்தன. அதற்கு முந்தைய எண்ணுக்கும் பிந்தைய எண்ணுக்கும் ஒப்புப் பட்டியல் செட்டில்மெண்ட் பதிவேடுகளில் இருக்கும், அதைக் கேட்டு மனுப் போடு என்று விளக்கினார். 14 வருடத்தில் யாரும் எனக்கு இதை இவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை. அந்தச் சங்கிலி அறிமுகம் இல்லையென்றால் அவரிடம் போய்ப் பேசும் துணிவும் எனக்கு வந்திருக்காது. பெரிய பதவிப் பட்டியல் வாசித்திருந்தால் தள்ளி நின்று வணக்கம் வைத்துவிட்டு வந்திருப்பேன்.

இரண்டாவது பேச்சாளர் பெரும்பாக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா. வீட்டு வேலை செய்கிறவர். கூவம் கரையில் பிறந்து வளர்ந்து, 2015 வெள்ளத்துக்குப் பிறகு அங்கிருந்து எடுக்கப்பட்டு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் வீடு கிடைத்தவர். நூலகர் அறிமுகமாகச் சொன்னது இதுதான்: "ஐயா இப்போது சொன்ன லாம்டன் கோட்டின் ஒரு முனை பரங்கிமலை. மறுமுனை பெரும்பாக்கம் பக்கத்துக் குன்று. அந்த முனையில் இன்று குடியிருக்கிறவர் அடுத்துப் பேசுவார்." அரங்கத்தில் ஒரு நொடி சத்தமே இல்லை. 1802-இல் அளவுக்கோல் வைத்த இடமும், நகரத்தின் நடுவில் இருந்தவர்களைக் கொண்டுபோய் வைத்த இடமும் ஒன்று என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அக்கா 15 நிமிடம்தான் பேசினார். முதலில் குரல் தடுமாறியது, அப்புறம் சரியாகிவிட்டது. "வீடு குடுத்தாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா நான் வேலை செஞ்ச நாலு வீடும் அங்கயே இருந்துடுச்சு." காலை ஐந்தரைக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு வீட்டை விட்டுவிட்டு, மீதி இரண்டையும் எவ்வளவு நாள் பிடித்து வைத்திருந்தார் என்று ரூபாய்க் கணக்கோடு சொன்னார். நிலத்தின் விலை என்பது அந்த நிலத்திலிருந்து எங்கெல்லாம் நடந்து போக முடியும் என்பதன் விலை என்று நான் படித்திருக்கிறேன், புரிந்ததில்லை. அன்று புரிந்தது. கூவம் கரையில் அவருக்குப் பட்டா கிடையாது, ஆனால் நடந்து போகும் தூரத்தில் நாலு வீட்டு வேலை இருந்தது. இப்போது கான்கிரீட் வீடு இருக்கிறது, அந்த நாலு வீடு இல்லை.

அடுத்து வந்தது எனக்கு மனவருத்தம் தந்த பகுதி. மூன்றாவது பேச்சாளர் பொருளாதாரப் பேராசிரியர், வெளியூரிலிருந்து வந்தவர். இவரை அறிமுகம் செய்தது நூலகர் இல்லை, அமைப்பாளர்களில் மூத்த ஒருவர். ஒன்பது நிமிடம் வாசித்தார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பட்டங்கள், ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை, உட்கார்ந்த குழுக்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். பேராசிரியரே தர்மசங்கடத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன கேள்வியோடு வந்திருக்கிறார் என்பது அந்த ஒன்பது நிமிடத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஆனால் அவர் பேச்சில் விஷயம் இருந்தது. ரிக்கார்டோ என்ற பழைய ஆங்கிலேயப் பொருளாதார அறிஞரின் நில வாடகைக் கோட்பாட்டில் தொடங்கியபோது எனக்குக் கொஞ்சம் பிடிபடவில்லை, கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை 2015 ஜூனில் மெட்ரோ ஓட ஆரம்பித்த கதைக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். பொதுப் பணத்தில் ரயில் வருகிறது, பக்கத்து நிலத்தின் விலை ஏறுகிறது, அந்த ஏற்றத்தை யார் எடுத்துக்கொள்வது? 1920-இன் சென்னை நகரமைப்புச் சட்டத்திலேயே, திட்டத்தால் மதிப்பு கூடிய நிலத்தின் சொந்தக்காரரிடம் மேம்பாட்டுப் பங்களிப்பு வாங்க வழி வைத்திருந்தார்கள் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். நூறு வருடமாக நம்மிடம் இருக்கும் கேள்வி இது.

கடைசி ஐந்து நிமிடத்தில்தான் எங்கள் தொழிலுக்கு நேராக வந்தார். 2017-இல் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பை, 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023-இல் மதிப்பைப் பழையபடி மேலே கொண்டுபோய்ப் பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாக இறக்கினார்கள். அதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் அதோடு இணைத்த இன்னொன்றுதான் எனக்குப் புதிது. சந்தை விலையை விட்டுவிட்டு வழிகாட்டி மதிப்புக்கே எல்லோரும் பத்திரம் போடும் கிராமத்தில், பிறகு ஒரு நாள் சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுக்க வருகிறார்கள். 2013-இன் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி வழிகாட்டி மதிப்பையும் பக்கத்து விற்பனைப் பத்திரங்களின் சராசரியையும் பார்த்து, எது அதிகமோ அதை எடுக்கிறார்கள், அதன் மேல் 100 சதவீதம் ஆறுதல் தொகை வருகிறது. ஆனால் அடிப்படை மதிப்பே பத்திரத்தில் எழுதியதுதானே. முத்திரைத்தாளில் மிச்சம் பிடித்த கிராமம் இழப்பீட்டில் அதைப்போலப் பல மடங்கு இழக்கிறது. எங்கள் மேசைக்கு வருகிறவர்களிடம் நாங்கள், மதிப்பைக் குறைத்து எழுதியதாக முத்திரைச் சட்டப்படி 47-ஏ நடவடிக்கை வரும் வராது என்றுதான் பேசுவோம், இதைப் பேசவே மாட்டோம். எனக்கு உண்மையிலேயே குற்ற உணர்ச்சி வந்தது.

இந்த ஒரு விஷயத்தை அறிமுகத்தில் ஒரே வரியில் சொல்லியிருந்தால், 'குறைத்து எழுதிய பத்திரம் பத்து வருடம் கழித்து அந்த ஊரை என்ன செய்யும் என்று இவர் சொல்லுவார்' என்று, வெளியே போன இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். அரங்கத்தில் குறைந்தது 30 பேர் பத்திரம், ரியல் எஸ்டேட், வருவாய்த் துறை சம்பந்தப்பட்டவர்கள். அவருக்கும் அந்த ஒன்பது நிமிடம் மிஞ்சியிருக்கும். கேள்வி நேரம் ரத்தாகிவிட்டது, கையைத் தூக்கி வைத்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

மதியத்துக்கு மேல் தியாகராய நகர் பற்றி ஒரு வரலாற்று ஆய்வாளர். மறுபடி நூலகர் வந்தார். இந்த முறை கூட்டத்திடம் கேட்டார்: "தி. நகரில் உங்களுக்குத் தெரிந்த தெருப் பெயரைச் சொல்லுங்கள்." உஸ்மான் சாலை, டாக்டர் நாயர் சாலை, தணிகாசலம் சாலை, பஸ்லுல்லா சாலை, பனகல் பூங்கா, நடேசன் பூங்கா என்று சத்தமாக வந்தது. யாரோ பாண்டி பஜார் என்றார்கள். "நீங்கள் சொன்னது ஏறக்குறைய நீதிக்கட்சியின் பெயர்ப் பட்டியல். மேடம் அந்தத் தெருக்களுக்கு அடியில் இருந்த ஏரியைப் பற்றிப் பேசுவார்" என்று முடித்தார். இது மாதிரி அறிமுகம் கேட்டால் பேச்சு நன்றாக இல்லாமல் போனால்கூட நாம் மன்னித்துவிடுவோம். பேச்சும் நன்றாகவே இருந்தது. நுங்கம்பாக்கம் பக்கமிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த நெடிய ஏரி, 1920-களில் அதன் ஒரு பகுதி வற்றவைக்கப்பட்டு மாம்பலம் குடியிருப்புத் திட்டம் வந்தது, பிட்டி தியாகராயர் பெயரில் நகர் எழுந்தது, 1970-களில் வள்ளுவர் கோட்டமும் பழைய ஏரி நிலத்திலேயே எழும்பியது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது, எதை வியூ பார்ப்பது என்று அங்கே வளரும் பிள்ளைகளுக்குத் தெரியாது. நிலம் மறந்தாலும் மழைத் தண்ணீர் பள்ளம் தேடித்தான் வரும், மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றுக்குப் போக வழி இல்லையென்றால் தெருவிலேயே நிற்கும். பழைய வரைபடத்தையும் வெள்ளம் நின்ற தெருக்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். வீடு வாங்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்று எடுப்பதோடு இதையும் ஒரு முறை பார்த்துவிட்டால் நல்லது.

முதல் நாளின் கடைசிப் பேச்சுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது, அதற்குத்தான் மிகவும் குறைவான நேரம் கொடுத்தார்கள். பஞ்சமி நிலம். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு செயற்பாட்டாளர். நேரமாகிவிட்டது என்று அவருக்கு அறிமுகமே இல்லை, பெயரைச் சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். 20 நிமிடம் என்று சொல்லி 14-ஆவது நிமிடத்தில் துண்டுச் சீட்டு போனது. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமை பற்றிக் கொடுத்த அறிக்கையிலிருந்து ஆரம்பித்தார். அடுத்த வருடம் வந்த உத்தரவுப்படி ஒடுக்கப்பட்டோருக்குத் தரிசு நிலங்கள் ஒப்படை செய்யப்பட்டன, பத்து வருடம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் அதே பிரிவினருக்குத்தான் விற்க வேண்டும். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பெரும்பகுதி இன்று வேறு கைகளில். 1994-இல் காரணையில் அந்த நிலத்தை மீட்கப் போராடியபோது துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் உயிரிழந்தார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அந்த இடத்தில்தான் சீட்டு வந்தது.

அமைப்பாளர்கள் இதைப் படித்தால் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன், இது சரியில்லை. ஒரு பேராசிரியரின் விருதுப் பட்டியலுக்கு ஒன்பது நிமிடம் கிடைத்தது, இவரை யார் என்று சொல்ல ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. பழைய பதிவேட்டில் 'டி.சி. நிலம்' (டிப்ரஸ்டு கிளாஸ், அதாவது ஒடுக்கப்பட்டோர் நிலம்) என்ற குறிப்பைப் பார்த்தும் அது எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் கடந்து போகிறவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள், அவர்கள் அரங்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத்தான் அந்த ஆறு நிமிடம் தேவைப்பட்டது.

இரண்டாம் நாள் பஸ் பயணம். பரங்கிமலையில் ஏறி, லாம்டன் கோட்டின் திசையை முடிந்தவரை ஒட்டிப் பெரும்பாக்கம் வரை. வேளச்சேரி நெரிசலில் ஒரு மணி நேரம் போனது, குடிதண்ணீர் போதவில்லை, வயதானவர்கள் சிரமப்பட்டார்கள். ஆனால் பஸ்ஸிலேயே சர்வேயர் ஐயா ஜன்னல் பக்கம் நின்று பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் காட்டி, பழைய கணக்கில் கழுவெளி என்று எழுதியிருந்ததை யார் யார் தரிசு என்று படித்தார்கள் என்று விளக்கிக்கொண்டு வந்தார். பெரும்பாக்கத்தில் இறங்கியதும் எங்களை அழைத்துப் போனது அந்த அக்காதான். மொட்டை மாடிக்குப் போய் நின்றோம். மேகமில்லாததால் பரங்கிமலை தெரிந்தது. "அங்க இருந்து இங்க வரைக்கும் அளந்தாங்களா?" என்று அக்கா கேட்டார். ஐயா தலையாட்டினார். இருவரும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள், நாங்கள் யாரும் பேசவில்லை.

பேச்சாளர் அறிமுக ஏடு 40 ரூபாய்க்குத் தனியாக விற்றார்கள், வாங்கிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கம், அவர் வேலை செய்த இடத்தின் சின்ன வரைபடத்தோடு. வரைபடங்களில் அளவுகோல் போடவில்லை, நிலத்தைப் பற்றிய ஏட்டில் அது இருந்திருக்க வேண்டும். எழுத்துப் பிழைகளும் உண்டு. இருந்தும் எங்கள் அலுவலக மேசையில் வைத்திருக்கிறேன், காத்திருக்கிறவர்கள் எடுத்துப் புரட்டுகிறார்கள்.

பத்திரத் தொழிலில் இருக்கிறவர்கள், வி.ஏ.ஓ. தேர்வுக்குப் படிக்கிறவர்கள், மனை வாங்கப் போகிறவர்கள், ஊர் வரலாறு பிடித்தவர்கள் எல்லோரும் போகலாம். கல்லூரி வகுப்பு மாதிரி இருக்குமோ என்று பயப்பட வேண்டாம், முதல் நாள் காலைப் பகுதிக்கு மட்டுமே 600 ரூபாய் தகும். சின்னக் குழந்தைகளோடு பஸ் பயணத்துக்கு மட்டும் வர வேண்டாம். அடுத்த கூட்டம் காஞ்சிபுரத்தில் என்றார்கள், நான் பணம் கட்டிவிட்டேன். கருத்துப் படிவத்தில் இரண்டு விஷயம் எழுதிக் கொடுத்தேன். எல்லா அறிமுகத்தையும் அந்த நூலகரிடமே விடுங்கள், பஞ்சமி நிலப் பேச்சை அடுத்த முறை காலையில் முதலாவதாக வையுங்கள். இரண்டாவதற்குச் சரி என்று நேற்றுப் பதில் வந்தது.